மேட்டிலிருந்து தொடங்குங்கள்: ஊராட்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் கிராம ஊராட்சித் தலைவர்களுக்கும், தலைவர் இல்லாத ஊராட்சிகளைக் கவனித்துக்கொள்ளும் தனி அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி. மணி இரண்டு இருக்கும். கூரையில் மழை விழுந்த வேகத்தைக் கேட்டதுமே தூக்கம் போய்விட்டது. டார்ச்சையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு காட்டுக்குக் கிளம்பினேன். (மானாவாரி நிலத்தை எங்கள் பக்கம் காடு என்றுதான் சொல்வோம், வனத்துறை பயப்பட வேண்டாம்.) என் நிலத்தில் தண்ணீர் உடைத்துக்கொண்டு போவதென்றால் அது கீழ்மூலை வரப்பில்தான். நான் போய்ச் சேர்வதற்குள் இரண்டு முழத்துக்கு வாய் பிளந்து, செக்கச்செவேல் என்று தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அடைக்கிற நிலைமை தாண்டிவிட்டது. என்ன தோன்றியதோ, கையிலிருந்த பாட்டிலின் குடிதண்ணீரைக் கொட்டிவிட்டு, அந்தச் செந்தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

திண்ணையில் வைத்து இரண்டு நாள் தொடவில்லை. பருமணல் சில நிமிடத்தில் இறங்கிவிட்டது. அதற்கு மேல் மாவு போன்ற நைசு மண் இறங்கி முடிக்க மறுநாள் சாயங்காலம் ஆயிற்று. தண்ணீர் தெளிந்தபோது அடியில் அரை விரற்கடைக்கு மண். காசு கொடுத்து வாங்கிப் போட்ட உரமும், ஆட்டுக்கிடை போட்ட சத்தும் அந்த நைசு மண்ணில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். சரளையும் பருமணலும் என்னிடம் தங்கிவிட்டன, சோறு போடுகிற மண் கிளம்பிவிட்டது.

நவம்பர் 1 கிராம சபைக்கு அந்தப் பாட்டிலையும் எடுத்துப் போனேன். மேசையில் வைத்ததும் ஒரு தம்பி, "என்னண்ணே, டீயா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம் அந்த ஆண்டின் வேலைப் பட்டியலை வாசித்தார்கள். குட்டை ஆழப்படுத்துதல், ஊருணி தூர்வாருதல், ஏரியில் சீமைக்கருவேல் அகற்றுதல், மறுபடி வேறொரு குட்டை ஆழப்படுத்துதல். அத்தனையும் மண் வந்து சேருகிற இடத்து வேலை. மண் கிளம்புகிற இடத்தில் ஒரு வேலையும் இல்லை. இந்த மடல் எழுத அதுதான் காரணம்.

இந்திய நிலத்தில் ஒரு ஹெக்டேரிலிருந்து ஆண்டுக்குச் சராசரியாக 16.4 டன் மேல்மண் அரித்துப் போகிறது என்று 1983இல் ஆராய்ச்சியாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். மண் அரிப்பைப் பற்றிப் பேசும்போது இன்றைக்கும் எடுத்துக்காட்டப்படும் கணக்கு அது. ஏக்கருக்கு ஆறரை டன். டிராக்டர் டிப்பரில் ஒன்றரை, இரண்டு லோடு. போகிற மண்ணில் 29 விழுக்காடு கடலுக்கும், 10 விழுக்காடு அணைகளுக்கும் போய்விடுகிறது, மீதி 61 விழுக்காடு இடம் மாறிக் கிடக்கிறது என்றும் அதே கணக்கு சொல்கிறது. நீங்கள் ஆண்டுதோறும் தூர்வாருகிற குட்டைக்குள் கிடப்பது இந்த 61இல் ஒரு பங்குதான். மேலே வரப்பு இல்லாதவரை அதை எத்தனை தடவை அள்ளினாலும் அடுத்த மழையில் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதையெல்லாம் ஊராட்சியிடம் ஏன் சொல்ல வேண்டும், துறை இருக்கிறதே என்று கேட்கலாம். 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபோது சேர்த்த பதினொன்றாம் அட்டவணையில் ஊராட்சிகளுக்கு உரியவை என்று 29 பொருள்கள் உள்ளன. முதலாவது வேளாண்மை. இரண்டாவதிலேயே நில மேம்பாட்டோடு மண் பாதுகாப்பும் வந்துவிடுகிறது. மூன்றாவது சிறுபாசனம், நீர் மேலாண்மை, நீர்வடிப்பகுதி மேம்பாடு. குடிநீர், சாலை, தெருவிளக்குக்கான மின்சாரம் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. நடப்பில் வரிசை தலைகீழ். தெருவிளக்கு எரியவில்லை என்றால் ராத்திரியே போன் வரும், வரப்பு உடைந்தால் யாரும் கூப்பிடுவதில்லை. உங்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன், நாங்களும் கேட்டதில்லை.

நான் கொஞ்ச காலம் 100 நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தவன். வேலைப் பட்டியலில் குழி ஏன் எப்போதும் ஜெயிக்கிறது என்பது அங்கேதான் புரிந்தது. குழிக்கு நீளம், அகலம், ஆழம் மூன்றும் டேப்பில் வந்துவிடும். நடுவில் அளவுக்காக ஒரு மண் திட்டை விட்டு வைத்தால் மேற்பார்வையாளர் வந்து பார்த்துவிட்டுப் போவார். எல்லோரும் ஒரே இடத்தில் நிற்பதால் காலையில் ஒரு போட்டோ, மத்தியானம் ஒரு போட்டோ செயலியில் ஏற்றவும் வசதி. வரப்பு அப்படி இல்லை. ஆட்கள் நாலு காட்டில் சிதறி நிற்பார்கள். ஒவ்வொரு காட்டுக்காரரிடமும் சம்மதம் வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வரப்பு எந்தக் கோட்டில் போக வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். பங்காளிகள் பாகம் பிரித்த கோட்டிலேயே வரப்பைப் போட்டுவிட்டால் தண்ணீர் அதை ஒட்டியே பள்ளத்துக்கு ஓடி, ஒரு மூலையில் சேர்ந்து, உடைத்துக்கொண்டு போகும். என் கீழ்மூலைக்கு வருஷா வருஷம் நடப்பது அதுதான்.

சம உயரத்தில் வரப்புப் போட பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். வீடு கட்டும்போது கொத்தனார் மட்டம் பார்க்கிற டியூப் போதும். அதில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீரை நிரப்பி, ஆளுக்கொரு முனையைப் பிடித்து, அளவுக்குறி போட்ட இரண்டு குச்சிகளோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் நிற்க, மற்றவர் முன்னும் பின்னும் நகர்ந்து பார்ப்பார். இரண்டு குச்சியிலும் தண்ணீர் ஒரே குறியில் நிற்கிற இடத்தில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு புள்ளி. இப்படியே புள்ளி வைத்துக்கொண்டு போனால் காட்டுக்குள் வளைந்து வளைந்து ஒரு கோடு கிடைக்கும். அந்தக் கோட்டில் போட்ட வரப்புக்குப் பின்னால் தண்ணீர் ஓடாது, நீளமாகப் படுத்துக்கொள்ளும். அதிகமாகிற தண்ணீர் வெளியேற, கல் அடுக்கிய ஒரு வாயை வேண்டிய இடத்தில் விட்டுவிட வேண்டும். வாய் விடாத வரப்பு முதல் பெருமழையிலேயே தன் வாயைத் தானே திறந்துகொள்ளும். நானும் என் மச்சானும் ஒரு காலை நேரத்தில் அரை ஏக்கருக்கு இப்படிக் கோடு போட்டோம். அவனுக்கு எட்டாம் வகுப்பு, எனக்கு அதைவிட இரண்டு கூட.

ஓட்டத்தின் வேகத்தைக் குறைப்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். வேகம் இரண்டு மடங்கானால் அரிக்கிற விசை நான்கு மடங்காகிறது. அதனால்தான் மேட்டில் முழங்கால் உயர வரப்பு செய்கிற வேலையைப் பள்ளத்தில் தடுப்பணையால் செய்ய முடிவதில்லை. அதற்குள் தண்ணீர் வேகமும் பிடித்திருக்கும், மண்ணும் ஏற்றியிருக்கும். ஒரு ஏக்கரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் இரண்டு லட்சம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் தண்ணீர் லாரியில் கணக்குப் போட்டால் பதினாறு லாரிக்கு மேல். அதில் பாதியைக் காட்டுக்குள்ளேயே இறங்க வைத்தாலும் எட்டு லாரித் தண்ணீர் என் வேருக்கு அடியில். தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் சுமார் 920 மில்லிமீட்டரில் ஏறத்தாழ பாதி வடகிழக்குப் பருவத்தின் மூன்று மாதத்தில், அதுவும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாட்களில் கொட்டிவிடுகிறது. அந்தச் சில நாட்களுக்குக் காடு தயாராக இருந்ததா என்பதில்தான் எங்கள் வருஷமே இருக்கிறது.

பண்ணைக்குட்டை விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் ஒருவர் காட்டில் அழகான குட்டை ஒன்று வெட்டினார்கள். நான்கு பக்கமும் சாய்வு, படிக்கட்டு, பெயர்ப்பலகை, எல்லாம் உண்டு. ஆனால் வெட்டியது காட்டின் மேட்டுப் பக்கம். ஏன் என்று கேட்டால், ரோடு அந்தப் பக்கம்தான் இருக்கிறது, ஆய்வுக்கு வருகிறவர்கள் இறங்கிப் பார்க்க வசதி என்றார்கள். வெட்டிய மண்ணை நாலு கரையிலும் ஏற்றிவிட்டதால் பக்கத்துத் தண்ணீர்கூட உள்ளே வர வழியில்லை. நேராக வானத்திலிருந்து விழுகிற மழைதான் அதற்கு வரத்து. இப்போது அதில் ஆவாரம் பூத்துக் கிடக்கிறது. காட்டுக்காரர் பாவம், கையகல நிலத்தில் ஒரு துண்டையும் இழந்துவிட்டு, பலகையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். குட்டை எங்கே வெட்டலாம் என்று அவரையே கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்; மழையில் அந்தக் காட்டுக்குள் நடந்தவர் அவர்தானே.

ஏரி தூர்வாருவதிலும் அப்படித்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை, இடம் பார்த்து வாருங்கள் என்கிறேன். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு ஆழம் தோண்டினாலும் அந்தத் தண்ணீர் மடை வழியாக வயலுக்கு வராது. மாட்டுக்கும் மீனுக்கும் ஆகும், ஊற்றுக்கும் கொஞ்சம் உதவும், நல்லதுதான். ஆனால் பாசனக் கொள்ளளவு கூடியது என்று கணக்கெழுதக் கூடாது. கரையின் அடியை ஒட்டி மண் எடுத்தால் கரைக்கே ஆபத்து. அடியில் படிந்திருக்கும் களிமண் தட்டையும் உடைத்துக்கொண்டு போனால் சில இடங்களில் தண்ணீர் நிற்பதே இல்லை.

ஏரியில் படிந்த வண்டலை விவசாயிகள் எடுத்துக்கொள்ளும் திட்டம் உண்மையிலேயே நல்ல காரியம். கட்டணமில்லாமல் புஞ்சைக்கு ஏக்கருக்கு 90 கனமீட்டர், நஞ்சைக்கு 75 கனமீட்டர் என்று அளவு வைத்து, 2024இல் அனுமதியை வட்டாட்சியர் அளவிலேயே வாங்கிக்கொள்ளும்படி எளிதாக்கினார்கள். 90 கனமீட்டர் என்றால் முப்பது டிப்பர். சரளைக் காட்டில் அது விழுந்தால் ஈரம் நிற்கிற நாள் கூடும். ஆனால் போகும்போது காசில்லாமல் போன மண், திரும்பி வரும்போது ஜேசிபி வாடகையும் டிராக்டர் வாடகையும் கேட்கிறது. சொந்த டிராக்டர் வைத்திருப்பவர் முதல் வாரத்திலேயே முடித்துவிடுகிறார். ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிற பெண்கள் வாடகைக்கு ஆள் பிடிப்பதற்குள் மழை வந்துவிடுகிறது. இங்கே ஊராட்சி ஒரு காரியம் செய்யலாம். ஏரி வற்றும் முன்பே, மாசி பங்குனியிலேயே, யாருக்கு எத்தனை லோடு என்று பட்டியல் எழுதி, சிறு காட்டுக்காரர்கள் நாலைந்து பேரைச் சேர்த்து ஒரே வண்டியைப் பேசிக் கொடுக்கலாம். சில ஏரியின் வண்டலில் உப்பு ஏறியிருக்கும். ஒரு பை மண்ணை முன்கூட்டியே பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பிப் பார்ப்பதையும் அப்போதே முடித்துவிடலாம். இதற்கெல்லாம் நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை, ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

அடுத்தது, யாருக்கு எது சொந்தம் என்கிற சங்கடம். 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரி ஊராட்சி ஒன்றியத்திடம். அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறையிடம். அந்த ஏரிக்கு வருகிற ஓடை வருவாய்த் துறைப் பதிவேட்டில் புறம்போக்கு. ஓடை தொடங்குகிற குன்று வனத்துறையுடையது. நடுவில் உள்ள காடுகளில் வரப்பு, கல் தடுப்பு போடுவது வேளாண் பொறியியல் துறை. தண்ணீர் மட்டும் யாரிடமும் தடையின்மைச் சான்று வாங்காமல் மேலிருந்து கீழே வந்துகொண்டே இருக்கிறது. எங்கள் ஏரிக்கு மூன்று வரத்துக்கால்கள். ஒன்று புதருக்குள் மறைந்துவிட்டது. இன்னொன்றின் குறுக்கே ரோடு போட்டபோது வைத்த குழாய், ஓர் ஆட்டுக்குட்டி நுழையக்கூடப் போதாது. மூன்றாவது, மனைப்பிரிவு ஒன்றின் இருபதடி ரோடாகிவிட்டது. ஏரியை இரண்டு தடவை தூர்வாரினார்கள். ஏரி நிரம்பி, கலிங்கு (உபரித் தண்ணீர் வெளியேறும் வாய்) வழிந்து பார்த்துப் பல வருஷம் ஆகிறது. இதற்குப் பொறியாளர் படிப்பு தேவையில்லை, மழை பெய்கிறபோது குடையைப் பிடித்துக்கொண்டு ஓடையோரமாக ஒரு நடை போனால் தெரிந்துவிடும். தலைவர்களே, அலுவலர்களே, ஒரே ஒரு மழைநாளில் அந்த நடையைப் போய்வாருங்கள். வெயில் நாளில் ஜீப்பில் போய்ப் பார்க்கிற ஆய்வில் தண்ணீரின் வழி தெரியாது.

மனைப்பிரிவைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். விவசாயம் கட்டுப்படியாகாமல் விற்கிறவரைத் தடுக்க எனக்கு வாய் வராது. விற்கிற நிலத்துக்குள் ஓடும் வாய்க்காலும் சேர்ந்து போய்விடக் கூடாது என்று பார்ப்பது ஊராட்சியின் வேலை. கிராம வரைபடத்தில் அது இருக்கிறது. படத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், அவ்வளவுதான்.

உத்திரமேரூர்க் கல்வெட்டை மேடையில் பேசாத உள்ளாட்சி விழா இல்லை. குடவோலை, ஜனநாயகம், ஆயிரம் ஆண்டுப் பெருமை என்று கைதட்டு வாங்கிவிடுவோம். பராந்தக சோழன் காலத்து அதே கல்வெட்டில் ஏரி வாரியம் என்று ஆறு பேர் கொண்ட தனிக் குழுவே இருப்பதையும், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினர்களுக்கும் மறுபடி ஓலையில் இடமில்லை என்று எழுதியிருப்பதையும் அவ்வளவாகச் சொல்வதில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இந்தக் காலத்து உதாரணம் வேண்டுமென்றால் மகாராஷ்டிரத்தின் அகில்யாநகர் (முன்பு அகமத்நகர்) மாவட்டத்து ஹிவரே பஜார். நம்மில் பாதிகூட மழை இல்லாத ஊர். போபட்ராவ் பவார் அங்கே தலைவராக வந்த பிறகு குன்றில் சம உயர அகழி, ஓடையில் தடுப்பு என்று மேலிருந்து வேலையை ஆரம்பித்தார்கள். பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடுவதில்லை என்று ஊரே கட்டுப்பாடு வைத்தது. மழை முடிந்ததும் கிணறுகளில் எவ்வளவு தண்ணீர் என்று அளந்து, அதற்கேற்ற பயிரைத்தான் போடுவது என்று கிராம சபையில் முடிவு செய்கிறார்கள். நம் ஊரில் இதைச் சொன்னால் மறுநாளே எனக்கு ரிக் வண்டிக்காரரிடமிருந்து போன் வரும், சரி. ஆழ்துளைக் கிணற்றுத் தடைவரை நான் போகவில்லை. அளப்பதையாவது தொடங்கலாமே. ஊரில் நாலு திசையில் நாலு கிணற்றைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒரு முறை கயிற்றில் கல் கட்டி இறக்கி, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைப்பது ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை செய்கிற வேலை.

பணத்துக்கு எங்கே போவது என்பீர்கள். 2021 முதல் 2026 வரையிலான 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு இன்னதற்குத்தான் என்று கட்டிய பணம். அதில் பாதி குடிநீருக்கும் மழைநீர் சேகரிப்புக்கும் தண்ணீர் மறுபயன்பாட்டுக்கும் உரியதாக இருந்தது. மழைநீர் சேகரிப்பு என்றதும் அலுவலகக் கூரையில் ஒரு பிளாஸ்டிக் குழாயைத் தொங்கவிட்டு முடித்துவிடுகிறோம். ஊர்க் கிணற்றுக்கு மேற்பக்கம் உள்ள ஓடைக்குக் குறுக்கே கல் தடுப்புப் போடுவதும் மழைநீர் சேகரிப்புத்தான். 100 நாள் வேலையில் ஆதிதிராவிடர், பழங்குடியினர், சிறு குறு விவசாயிகளின் சொந்த நிலத்திலேயே வரப்புப் போட 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் இடம் வைத்தார்கள். திட்டத்தின் பெயர் எதுவாக இருந்தாலும் மண்வெட்டி அதேதான். மேட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் இந்தச் சிறு காட்டுக்காரர்கள்தான் என்பதையும் கவனியுங்கள். சரளைமேடு யாருக்கு ஒதுக்கப்பட்டது, பள்ளத்து வண்டல் யாரிடம் இருக்கிறது என்பது எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே கதை. மேட்டு வரப்பு அவர்களுக்குச் செய்கிற உதவி என்று யாராவது பேசினால் நம்ப வேண்டாம். அவர்கள் காட்டில் மண் நின்றால்தான் கீழே உள்ளவன் கிணற்றில் தண்ணீர் நிற்கும்.

பராமரிப்பைச் சொல்லாமல் விட்டால் பாதி சொன்ன மாதிரி. வரப்புக்கு முதல் இரண்டு மழை பிள்ளைப்பருவம். உடைந்த இடத்தை அந்த வாரமே அடைத்தால் ஒரு ஆள் அரை நாளில் முடிப்பான். விட்டுவிட்டால் அடுத்த வருஷம் ஜேசிபி. புதிதாக நூறு மீட்டர் போட்டால் பலகை வைக்கலாம், பழைய வரப்பை அடைத்ததற்குப் பலகை கிடையாது. ஊராட்சியின் வேலைத் திட்டத்தில் ஆண்டுதோறும் பழுதுபார்ப்புக்கென்று ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு மீதியில் புது வேலை எடுங்கள். வரப்பு மேல் கொழுக்கட்டைப் புல்லோ வெட்டிவேரோ நட்டு, இடையிடையே பனங்கொட்டை ஊன்றிவிட்டால் பத்து வருஷத்தில் அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். மாட்டுக்குப் புல்லும் ஆயிற்று.

மார்ச் 22 தண்ணீர் தினத்துக்கு நம் மாநிலத்தில் தனியாக ஒரு கிராம சபை நடக்கிறது. அன்றைக்குத் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவோம் என்று உறுதிமொழி எடுத்து, டீ குடித்துக் கலைந்துவிடுகிறோம். வருகிற மார்ச் 22க்கு உறுதிமொழியோடு கிராம வரைபடத்தையும் கொண்டுவந்து தரையில் விரியுங்கள். ஓடை எங்கே, வரத்துக்கால் எங்கே, யார் காட்டு மூலை வருஷா வருஷம் உடைகிறது என்று ஊர்க்காரர்களே வந்து சாக்பீஸால் குறிக்கட்டும். அடுத்த ஆண்டு வேலைப் பட்டியலை அந்தக் குறிகளின் மேலிருந்து கீழாக எழுதுங்கள்.

எங்கள் ஊர் வரைபடம் அலுவலகப் பீரோவின் கீழ்த்தட்டில், பழைய ரசீதுப் புத்தகங்களுக்கு அடியில் சுருட்டிக் கிடக்கிறது. நான் பார்த்திருக்கிறேன். கரையான் அரிக்கும் முன் எடுத்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
கீழ்மூலை வரப்பை இந்த வருஷமும் அடைத்துக்கொண்டிருக்கும்
ஒரு மானாவாரி விவசாயி